மூத்த ரெய்டரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? கடற்கரை ஊர் அணியின் முன்னால் இருக்கும் வழிகள்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ராமநாதபுரம் கடற்கரையில் விசைப்படகுகள் 61 நாட்கள் கரையில் நிற்கும். வடக்கே தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் என்று வந்து, தெற்கே ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை மின்னொளி கபடி நோட்டீஸ்கள் சுவரேறும் காலம் அது. அதற்கு முன்னால் ஒவ்வொரு ஊர் அணியும் ஒரு பட்டியல் எழுதியாக வேண்டும். களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து பேர். எங்கள் ஊர் அணியில் இந்த வருடம் முதல் பெயரை எழுதும்போதே பேச்சு நின்றுவிட்டது.

அந்தப் பெயருக்கு உரியவருக்கு வயது 36. பதினெட்டு வயதில் ஊர் ஜெர்சி போட்டவர். சங்கக் கட்டடத்தில் மாட்டியிருக்கும் சுழற்கோப்பைப் படங்களில் பெரும்பாலானவற்றில் கோப்பையைப் பிடித்திருப்பது அவர் கைதான். கொஞ்ச காலமாக வலது முட்டி சரியில்லை. போனஸ் புள்ளி தரும் கோட்டை இன்றும் அழகாகத் தொடுகிறார். ஆளைத் தொட்டுவிட்டு உடம்பைத் திருப்பும் இடத்தில்தான் முன்பில்லாத ஒரு தயக்கம். கூட்டம் அதைக் கவனிக்கவில்லை, எதிரணியில் ஓரத்தில் நின்று தடுக்கும் கார்னர்கள் கவனித்துவிட்டார்கள். அவருக்குப் பின்னால் இரண்டு பையன்கள் நிற்கிறார்கள், ஒருவனுக்கு 19, இன்னொருவனுக்கு 21. இருவரும் அவர் பாடுவதை, அதாவது எதிரணிக் களத்துக்குள் ரெய்டு போவதை, பார்த்துப் பாடக் கற்றவர்கள். இருவருக்கும் இப்போது ரெய்டு வேண்டும்.

பெரிய அணிகளில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் அது பணத்தில் போய் முடியும். ஏலம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, ஆளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. மனம் உடைந்தாலும் கையெழுத்துப் போட ஒரு தாள் இருக்கிறது. ஊர் அணியில் அந்தத் தாள் கிடையாது. எங்கள் மூத்தவர் ஒருவனுக்குத் தாய்மாமன், இன்னொருவனுக்குச் சித்தப்பா, செயலாளருக்கு மச்சான். நாளைக்குக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காமலே காரியத்தை முடிப்பதுதான் இந்தக் கடற்கரையில் நான் அதிகம் பார்த்தது. நோட்டீஸில் பெயர் பெரிதாக இருக்கும், ஆட்டத்தன்று உள்ளே கூப்பிட மாட்டார்கள். அல்லது பயிற்சிக்கு வரச்சொல்லி போன் வராது. அதை ஒரு வழி என்று நான் எண்ணவே மாட்டேன். அதைத் தள்ளிவிட்டால் மிச்சம் ஐந்து வழிகள் இருக்கின்றன. பெரிய அணிகளில் அவை எப்படி முடிந்தன என்பதையும், நம் மண்ணில் எப்படி முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

இருந்தபடியே இருக்கட்டும்

முதல் வழி, அவரே கேப்டன், அவரே முதல் ரெய்டர். இதற்கு ஊரில் ஆதரவு அதிகம். அந்த ஆதரவு வெறும் பாசத்தால் வந்ததல்ல. நம் கடற்கரையில் 22, 23 வயதில் பையன்கள் சவூதிக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். மூன்று வருடம் பாடுபட்டு ஒருவனை உருவாக்கினால் நான்காவது வருடம் அவன் அங்கிருந்து வீடியோவில் ஆட்டம் பார்க்கிறான். ஊரில் தங்கிய ஒரே நல்ல ரெய்டர் மூத்தவர்தான் என்றால், அவரை விட்டுவிட்டு யாரை நம்புவது? இந்தக் கேள்வி நியாயமானது.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது கணக்கு. இருபது இருபது நிமிடம் ஆடும் ஆட்டத்தில் ஒரு ரெய்டுக்கு 30 நொடி. இரு அணிக்கும் சேர்த்துச் சுமார் எண்பது ரெய்டு, நம் பங்கு நாற்பது. அதில் பாதியை மூத்தவர் எடுத்தால் மீதி இருபது. அதை இரண்டு பையன்கள் பங்கு போட்டால் ஆளுக்குப் பத்து. அந்தப் பத்தும் பெரும்பாலும் அவர் வெளியே போய் நிற்கும்போது, அணி குறைந்து கிடக்கும் நேரத்தில் வரும். அதைப் பார்த்து ‘பையன் தாங்கமாட்டான்’ என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

தோனியை எடுத்துக்கொள்வோம், இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023-ல் முட்டி வலியோடு ஆடி, சென்னைக்கு ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார். 2025-ல் அதே மனிதர், அதே அணி. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக ஒன்பதாவது ஆளாக இறங்கினார். ஏன் இத்தனை கீழே என்று ஊரே கேட்டபோது, பத்து ஓவர் முழுக்க ஓடி ஆடும் நிலையில் அவர் முட்டி இல்லை என்று பயிற்சியாளர் ஃப்ளெமிங் வெளிப்படையாகவே சொன்னார். அந்த வருடம் 14 ஆட்டத்தில் நான்கில் மட்டும் வென்று, சென்னை முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது.

இரண்டு வருடத்துக்கும் நடுவில் மாறியது தோனி மட்டும் அல்ல. 2023-ல் கான்வே, ருதுராஜ், ரஹானே, துபே என்று மேலே எல்லோரும் அடித்தார்கள். மூத்தவர் கடைசியில் வந்து நான்கு பந்து ஆடினால் போதும். 2025-ல் மேலே சரிந்துகொண்டே இருந்தது, கீழே இருந்தவரிடம் முழு பாரமும் வந்தது. ஆகவே முதல் வழியைத் தேர்ந்தெடுக்கிற ஊர் தன் மூத்தவரைப் பார்ப்பதற்கு முன் மற்ற ஆறு பேரைப் பார்க்க வேண்டும். ஆறு பேர் வலுவாக இருந்தால் ஒரு வருடம் தாங்கும். எங்கள் ஆறு பேர் அந்த அளவுக்கு இல்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 15 முதல் 35 வரை. 36 வயதுக்காரரைச் சுற்றிக் கட்டிய அணி, மாவட்ட அளவில் ஆட வேண்டிய அந்தப் போட்டிக்கு அவர் இல்லாமல்தான் போயாக வேண்டும். அவர் இல்லாமல் ஆடிப் பழகாத அணி அங்கே என்ன செய்யும்?

அணியில் வைத்து, வேலையை மாற்றுவது

இரண்டாவது வழியைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஜெர்சி அவரிடமே இருக்கும். கேப்டன் பொறுப்பு கைமாறும், ஆடும் இடமும் நேரமும் மாறும்.

இதில் முதல் கண்ணி கேப்டன் பதவி. 2022-ல் ஐபிஎல் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஜடேஜாவிடம் சென்னை அணியைக் கொடுத்தார்கள். எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி. ஏப்ரல் 30-ல் பொறுப்பு திரும்பவும் தோனிக்கே வந்தது. களத்தில் புதிய கேப்டன் நிற்கும்போது எல்லாக் கண்களும் விக்கெட் கீப்பர் பக்கமே போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். கபடியில் இது இன்னும் மோசமாகும். ஏழு பேர் கைகோத்து நிற்கும் ஆட்டம் இது. எப்போது சங்கிலி வீசுவது, எப்போது பின்வாங்குவது என்று ஒரு குரல்தான் சொல்ல வேண்டும். 21 வயதுப் பையன் ‘விடு’ என்று சொல்லும்போது மூத்தவர் ‘பிடி’ என்று கத்தினால் கார்னர் யார் பேச்சைக் கேட்பான்? மாமன் பேச்சைத்தான்.

இதற்கு நேர்மாறான தவறு மும்பையில் நடந்தது. ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த ரோஹித் சர்மா அணியில் இருக்கும்போதே, குஜராத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்த ஹர்திக் பாண்டியாவை 2023 டிசம்பரில் கேப்டன் ஆக்கினார்கள். 2024-ல் சொந்த மைதானத்திலேயே ஹர்திக்குக்குக் கூச்சல் விழுந்தது, அணி கடைசி இடத்துக்குப் போனது. நம் ஊர்களிலும் காசு கொடுத்துப் பக்கத்து மாவட்டத்து ஆட்டக்காரனைக் கூட்டிவந்து அவன் சொல்கிறபடி ஆடச் சொன்னால் இதே கதைதான். கூச்சல் போடுவது எதிரணிக் கூட்டமாக இருக்காது. ஆனால் 2025-ல் அதே மும்பை ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு வந்தது. ரோஹித்தைப் பல ஆட்டங்களில் இம்பாக்ட் வீரராக, மட்டை பிடிக்க மட்டும் இறக்கினார்கள். அணி பிளே-ஆஃபுக்கும் போனது. மூத்தவரின் உடம்பு எதைத் தாங்குமோ அதற்கு மட்டும் அவரைப் பயன்படுத்தினார்கள். ஆட்டத்தின் நடுவே ஓர் ஆளை மாற்றிக்கொள்ளும் இந்த இம்பாக்ட் விதி ஐபிஎல்லுக்கு 2023-ல்தான் வந்தது. கபடியில் ஆள் மாற்றுவது வெகுகாலமாக இருக்கிறது, நாம்தான் அதை அடிபட்டவனை வெளியே எடுக்க மட்டும் வைத்திருக்கிறோம்.

கால்பந்தில் இதற்கு என்னிடம் இருக்கும் சிறந்த உதாரணம் இத்தாலியின் ரோமா அணியின் டோட்டி. கீழக்கரைப் பக்கம் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். 2016-ல் தன்னை ஆடவிடவில்லை என்று டோட்டி வெளிப்படையாகக் குறைப்பட்டார், பயிற்சியாளர் ஸ்பலெட்டி அவரை ஓர் ஆட்டத்துக்கான அணியிலிருந்தே நீக்கினார். இருவருக்கும் பேச்சு நல்லபடியாக இல்லை. அதே வருடம் ஏப்ரலில் டொரினோவுடன் ரோமா பின்தங்கியிருந்தபோது 86-வது நிமிடத்தில் 39 வயது டோட்டியை உள்ளே விட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு கோல். ரோமா 3-2 என்று வென்றது. தொண்ணூறு நிமிடம் ஓட முடியாதவர் நான்கு நிமிடத்தில் ஆட்டத்தை மாற்றினார். மனக்கசப்பு இருந்த இடத்திலேயே இது நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருவரும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆன பிறகுதான் இது நடக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

கபடியில் கடைசி ஐந்து நிமிடம் தனி ஆட்டம். இரண்டு புள்ளி முன்னே இருந்தால் நேரத்தைக் கரைக்க வேண்டும், பின்னே இருந்தால் போனஸ் எடுத்து உயிரோடு திரும்ப வேண்டும். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போதுதான் போனஸ் உண்டு என்பதை மறந்து, பதற்றத்தில் நான்கு பேர் நிற்கும் களத்தில் கோட்டைத் தொட்டுவிட்டு மாட்டிக்கொள்ளும் பையன்களை எத்தனை பார்த்திருப்போம்! அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாக முடிந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும் என்ற டூ-ஆர்-டை விதி வைத்து நடத்தும் போட்டிகளில் அந்த மூன்றாவது ரெய்டுக்கும் வேகத்தைவிட நிதானம்தான் தேவை. மூத்தவரிடம் இன்றும் குறையாமல் இருப்பது அந்த நிதானம்.

ரெய்டை விட்டுத் தடுப்புக்கு மாற்றலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன், புரோ கபடியில் கார்னரில் நின்று நாற்பதைத் தாண்டியும் ஆடினார். 2016-ல் அவர் தலைமையில் பாட்னா கோப்பை வென்றது. 2019-ல் 44 வயதில் ஹரியானாவுக்குக் கேப்டன். தடுப்பு ஆட்டக்காரனுக்கு வயது கொஞ்சம் சலுகை கொடுக்கும். வருகிறவனின் தோளையும் பார்வையையும் படிக்கத் தெரிந்தால் ஓட்டம் குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் சேரலாதன் காலமெல்லாம் தடுப்பில் வளர்ந்தவர். 36 வயதில் ஒரு ரெய்டரைக் கொண்டுபோய்க் கார்னரில் நிறுத்தி கணுக்கால் பிடி பிடிக்கச் சொல்வது வேறு. அதிலும் முட்டி ஜவ்வு நைந்தவர் என்றால், எண்பது கிலோ ஆள் மேலே விழும் இடம் அது. எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அதை யாரும் செய்யக் கூடாது. ஜவ்வு அறுந்தே போயிருந்தால் கடைசி ஐந்து நிமிடமும் கிடையாது, இந்த இரண்டாவது வழியே அங்கே அடைபடுகிறது.

தொண்டி, நம்புதாளைப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் இளவட்டங்கள் பலகையில் ஏறி எடை கொடுப்பார்கள், சுக்கான் மட்டும் வயதானவர் கையில் இருக்கும். இறக்கிவிட்டதாக அவரும் நினைப்பதில்லை, மற்றவரும் நினைப்பதில்லை. அப்படி ஒரு இடத்தைக் கபடி அணியிலும் பெயர் சொல்லி உருவாக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

பயிற்சியாளர் ஆக்குவது

மூன்றாவது வழி கேட்க இனிமையானது. அனூப் குமார் இதில் போனார். புரோ கபடியில் யு மும்பாவுக்கு ஐந்து சீசன் கேப்டன், 2016 உலகக் கோப்பையில் இந்தியாவுக்குக் கேப்டன். ஆறாவது சீசனில் ஜெய்ப்பூருக்கு மாறி, 2018 டிசம்பரில் சீசன் நடுவிலேயே ஓய்வு அறிவித்தார். அடுத்த வருடமே புனேரி பல்தனின் பயிற்சியாளர். சேரலாதனும் 2024-ல் தமிழ் தலைவாஸின் பயிற்சிக் குழுவுக்கு வந்தார்.

இதன் கசந்த பக்கமும் டோட்டியிடமே இருக்கிறது. 2017-ல் ஆடுவதை நிறுத்தியதும் ரோமா அவருக்கு நிர்வாகப் பொறுப்பு கொடுத்தது. இரண்டே வருடத்தில், 2019 ஜூனில், எந்த முடிவிலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வெளியேறினார். இருபத்தைந்து பருவங்கள் ஒரே ஜெர்சியில் ஆடியவர், நாற்காலியில் உட்காரவைத்த இரண்டு வருடத்தில் போய்விட்டார்.

நம் நோட்டீஸ்களில் ‘கௌரவத் தலைவர்’, ‘அணி ஆலோசகர்’ என்று வரிசையாகப் பெயர்கள் அச்சாகும். அவர்களில் எத்தனை பேரிடம் ஆலோசனை கேட்கிறோம்? மூத்தவரைப் பயிற்சியாளர் என்று சொன்னால் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும். அவர் சொன்ன பையனைச் செயலாளர் மகனுக்காக மாற்றக் கூடாது. அந்த உறுதியைக் கொடுக்க முடியாவிட்டால் இந்த வழியைப் பேசவே வேண்டாம்.

வேறொரு யதார்த்தமும் உண்டு. நன்றாகப் பாடுகிறவர் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று இல்லை. தனக்கு இயல்பாக வந்ததை இன்னொருவனுக்கு ஏன் வரவில்லை என்று புரியாமல் கோபப்படும் பெரிய ஆட்டக்காரர்கள் நிறைய. எங்கள் மூத்தவர் அப்படி இல்லை, காலையில் பையன்களுக்குக் கால் நீட்டிப் போனஸ் எடுக்க அவர் சொல்லித்தரும் பொறுமையை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி பிடிக்காதவர்களுக்கு நடுவர் வழி இருக்கிறது. கபடிக் கழகத் தேர்வு எழுதி விசிலோடு களத்துக்கு வந்தால் ஆட்டத்தோடு உறவும் இருக்கும், கையில் கொஞ்சம் காசும் வரும்.

வேறு ஊருக்குப் போகவிடுவது

இந்த வழியைச் சொன்னால் கடற்கரையில் சண்டைக்கு வருவார்கள். ‘நம்ம ஊர்க்காரன் அந்த ஊருக்குப் பாடுறதா?’ என்று கேட்பார்கள். ஆனால் மற்ற நான்கையும்விட இதைப் பற்றித்தான் நாம் தெளிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பெரிய அணிகள் இதை எப்படிச் செய்தன என்று பாருங்கள். 13 வயதில் பார்சலோனாவுக்கு வந்த மெஸ்ஸி 2021 ஆகஸ்டில் அழுதுகொண்டே போனார். அணி வைத்துக்கொள்ள விரும்பியும், லீக்கின் நிதி விதிகள் விடவில்லை. ஜடேஜா சென்னைக்காகப் பல வருடம் ஆடி, 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக ராஜஸ்தானுக்குப் போனார். வலித்தது, ஆனால் இரண்டும் சொல்லிச் செய்த பிரிவு. போனவருக்குப் போன இடத்தில் வேலை இருந்தது.

சுரேஷ் ரெய்னாவுக்கு அது கிடைக்கவில்லை. சென்னைக்காக அதுவரை அதிக ரன் எடுத்தவர் அவர்தான். 2022 பிப்ரவரி ஏலத்தில் சென்னையும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. அந்த செப்டம்பரில் ஓய்வு பெற்றார். கபடியில் பர்தீப் நர்வால். பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்று கோப்பை, ஐந்தாவது சீசனில் மட்டும் 369 ரெய்டு புள்ளி. 2021-ல் உத்தரப் பிரதேச அணி 1 கோடியே 65 லட்சத்துக்கு எடுத்தது. 2024-ல் பெங்களூரு 70 லட்சத்துக்கு. 2025 ஏலத்தில் யாரும் கைதூக்கவில்லை, ஓய்வு அறிவித்துவிட்டார். புரோ கபடியில் அவரைவிட அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர் கிடையாது. அத்தனை புள்ளிக்குப் பிறகும் மேசையில் பெயர் படித்து, மௌனம் வந்து, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

ஊர் அணியில் ஏலம் இல்லாததால் அந்த அவமானம் இல்லை என்று நினைக்கலாம். அது வேறு உருவத்தில் இருக்கிறது. நம் போட்டிகள் இரண்டு வகை. ஒரே ஊர் வீரர்கள் மட்டும் என்று ஆதார் அட்டை கேட்டு நடத்துவது ஒன்று, ஓபன் இன்னொன்று. முதல் வகையில் நாம் அவரை எடுக்காவிட்டால் அவர் வேறு எங்கும் ஆட முடியாது. வீட்டில்தான் உட்கார வேண்டும். அப்போது ‘ஊருக்கு விசுவாசமாக இரு’ என்று அவரிடம் மட்டும் கேட்பது அநியாயம். ஓபன் போட்டிகளில் பக்கத்து ஊர் அழைத்து, கைச்செலவுக்குக் காசும் கொடுக்கிறது என்றால், நம் ஏழில் இடம் கொடுக்காத நாம் எந்த முகத்தோடு தடுப்பது? படகுக்குப் போகிற மனிதர் அவர், தடைக்காலத்தில் வரும் அந்தக் காசுக்கும் வீட்டில் தேவை இருக்கிறது.

ஆகவே இந்த வழியை முழுமையாக எடுக்காமல் ஒரு பாதியை எடுக்கலாம் என்பது என் கருத்து. ஒரே ஊர்ப் போட்டிகளில் அவர் நம் பட்டியலில் இருப்பார். நாம் போகாத ஓபன் போட்டிகளில், அவருக்கு விருப்பம் இருந்தால், எந்த ஊருக்கும் பாடலாம். கமிட்டியில் இதைத் தீர்மானமாக எழுதி வைத்தால் டீக்கடையில் யாரும் அவரைத் துரோகி என்று சொல்ல முடியாது.

வழியனுப்பு ஆட்டம்

பொன்னாடை, மாலை, மைக், கண்ணீர். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியக் கால்பந்துக் கேப்டன் சுனில் சேத்ரிக்கு 2024 ஜூன் 6-ல் கொல்கத்தாவில் குவைத்துடன் அப்படி ஓர் ஆட்டம் நடந்தது, நாடே நின்று கைதட்டியது. 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். கோல் அடிக்க ஆள் இல்லை. மாலத்தீவுக்கு எதிராக அவரே ஒரு கோலும் அடித்தார். அடுத்த ஆள் தயாராகாமல் விழா வைத்தால், துண்டு போர்த்திய தோளையே திரும்பப் போய்த் தட்ட வேண்டியிருக்கும். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இந்த வருடம் வேண்டாம் என்கிறேன்.

எங்கள் ஊருக்கு நான் சொல்வது

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, கூடவே நான்காவதில் பாதி. இந்த ஒரு வருடம் அவர் பட்டியலில் இருக்கட்டும். முதல் பாதியில் வெளியே. ஆட்டம் நெருக்கமாக இருந்தால் கடைசி ஐந்து நிமிடம் அவருடையது. கேப்டன் 21 வயதுப் பையன், களத்தில் குரல் அவனுடையது மட்டும். மூத்தவர் உள்ளே இறங்கிய பிறகும் அதே விதி. காலைப் பயிற்சி முழுக்க மூத்தவர் பொறுப்பு, தேர்வுக் கூட்டத்தில் அவருக்கு வாக்கு. வருட முடிவில் அவரும் கமிட்டியும் உட்கார்ந்து, முழுநேரப் பயிற்சியாளர் ஆவதா, ஓபன் ஆட்டங்களுக்கு மட்டும் போவதா என்று பேசுவது.

முட்டி இதற்கு இடம் கொடுக்காது என்று டாக்டர் சொன்னால் நேராக மூன்றாவது வழிக்குப் போக வேண்டியதுதான். அந்தச் சிகிச்சைக்கு அணியின் பரிசுப் பணத்திலிருந்து முதலில் ஒதுக்க வேண்டும், புது ஜெர்சியும் ஷூவும் அதற்குப் பிறகு. அவர் முட்டி போனது நம் கோப்பைகளுக்காகத்தான்.

மற்ற ஊர்களுக்கு இதே முடிவு பொருந்த வேண்டும் என்றில்லை. பையன்கள் எல்லோரும் வெளிநாடு போய்விட்ட ஊர் என்றால் முதல் வழியைத் தவிர வேறு இல்லை. அங்கே மூத்தவரின் உடம்பைக் காப்பதற்கு ஆட்டங்களைக் குறைத்துக்கொள்ளலாம், தடைக்காலத்தில் வாராவாரம் வரும் எல்லா நோட்டீஸுக்கும் அணி அனுப்ப வேண்டியதில்லை. மூன்று நல்ல ரெய்டர்கள் கையில் இருக்கும் ஊர் என்றால் நான்காவதை முழுமையாகவே எடுக்கலாம்.

யார் போய்ச் சொல்வது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டு அவரே பார்த்துத் தெரிந்துகொள்வது கூடாது. செயலாளர் தனியாகப் போனால் அதிகாரம் பேசுவது போல இருக்கும். புதிய கேப்டனும், அவரோடு முன்பு ஆடிய ஒருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும். சுற்றி வளைக்காமல் பையனே பேச வேண்டும்: “மாமா, இந்த வருசம் கேப்டனா என்னய நிக்கச் சொல்றாக. மொதப் பாதி நீங்க வெளிய இருங்க. கடைசி அஞ்சு நிமிசம் உங்களுக்குத்தான். காலையில பயலுகள நீங்கதான் பாத்துக்கணும்.” அவர் கோபப்படலாம், பேசாமல் எழுந்து போகலாம். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை போக வேண்டும், அப்போதும் அதே பையன்தான் போக வேண்டும்.

தடைக்காலப் போட்டிகளின் நோட்டீஸ்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் அச்சுக்குப் போகத் தொடங்கும். அணிகள் பெயர் கொடுப்பதும் அப்போதுதான். மார்ச் கடைசி ஞாயிறு கமிட்டி கூடுகிறது. அன்று பட்டியல் எழுதுவதற்கு முன்னால், அந்த வீட்டுக்குப் போகும் இரண்டு பேர் யார் என்று எழுதிவிடலாம்.